சிறியதா, சிறுமையா?

வில்சன் கார்டனுக்கும் கோரமங்கலாவுக்கும் இடையில், ஓசூர் சாலையை ஒட்டி அமைந்துள்ள அடுகோடியில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் வரலாறு பெரும்பாலும் ஆலைகளின் வரலாறே ஆகும். 1951-இல் நிறுவப்பெற்று, ‘மைக்கோ’ என ஊரார் நாவில் நிலைத்துவிட்ட மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி, டீசல் எஞ்சின்களுக்கு வேண்டிய எரிபொருள் பம்புகளையும் ஸ்பார்க் பிளக்குகளையும் இங்கே செய்துவந்த காலத்தில், ஓசூர், கிருட்டிணகிரி, தருமபுரி, வேலூர்ப் பக்கங்களிலிருந்து அந்தச் சாலையைப் பிடித்தே வந்து, அதனிலும் அதனைச் சுற்றி எழுந்த சிறு பட்டறைகளிலும் வேலை தேடிக்கொண்டோர் பலர். அந்நிறுவனம் 2008-இல் ‘பாஷ்’ எனப் பெயர் மாறியது. அதன் அடுகோடி இடம் 2022-இல் புதிய தொழில்நுட்ப வளாகமாகத் திறந்துவைக்கப்பெற்றது. தந்தையர் எண்ணெய்க் கறையோடு வெளிவந்த சாலையில், இன்று மக்கள் கழுத்தில் அடையாள அட்டையோடு நடக்கின்றனர்.

வேலை மாறிற்று, சாலையும் மாறிற்று. மாறாத காட்சி ஒன்று மட்டும் இருக்கிறது. மாலையில் வேலை விட்டதும் பேக்கரி வாயிலில் நாலைந்து ஆடவர் கூடி நிற்பர். ‘ஒன் பை டூ’ என்று சொல்லி ஒரு காபியை இருவராகப் பகிர்ந்துகொள்வர். சிலர் கையில் சிகரெட் புகையும். சனிக்கிழமையானால் அந்தக் கூட்டம் இன்னும் சற்று நேரம் நீண்டு, வேறோர் இடத்திற்கு நகரும். அந்த வட்டத்தில் பெண் ஒருவரைக் காண்பது அரிது.

அண்மையில் நண்பர் ஒருவர் இல்லத்தில் பொங்கல் விருந்துக்குக் கூடியிருந்தபோது, இதனைப் பற்றியே தந்தைக்கும் மகளுக்கும் வாதம் எழுந்தது. மகள் கணிப்பொறி நிறுவனம் ஒன்றில் பணிபுரிபவர். “எங்கள் பிரிவில் ஆண்கள் மட்டும் வாரந்தோறும் ஒன்றாக வெளியே போகிறார்கள். எங்களை அழைப்பதே இல்லை. இது பெண்களைத் தாழ்த்துவது இல்லையாப்பா?” என்றார் மகள். “நாலு பேர் வேலை முடிந்து தேநீர் குடிப்பதில் என்னம்மா தாழ்வும் உயர்வும் இருக்கிறது? சம்பளத்தைக் குறைத்தார்களா, சொல். இது ஒரு விஷயமா?” என்றார் தந்தை. கூடியிருந்த நாம் அனைவரும் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்தோம். ஆடவரில் பெரும்பாலோர் தந்தையின் பக்கமும், பெண்டிரில் பெரும்பாலோர் மகளின் பக்கமும் சாய்ந்தனர் என்பதைக் கூறவும் வேண்டுமோ? பொங்கல் ஆறியது; வாதம் ஆறவில்லை. அந்த வாதத்தைத்தான் இக்கட்டுரையில் மேலும் சிறிது நடத்திப் பார்க்கிறோம்.

முதற்கண் தந்தையின் பக்கத்து நியாயத்தை முழுதும் கூறிவிடுதல் முறை. அது வெறும் பிடிவாதம் அன்று.

மனிதன் வேலைக்கு மட்டும் பிறந்தவன் அல்லன். எட்டு மணி நேரம் எந்திரத்தின் முன்னோ மேசையின் முன்னோ இருந்தவனுக்கு, மேலதிகாரியைக் கேலி செய்யவும், கிரிக்கெட்டைப் பற்றிச் சண்டையிடவும், வீட்டுக் கவலையை மறக்கவும் ஓர் இடம் வேண்டும். யாருடன் அமர்ந்து காபி குடிப்பது என்பதைச் சட்டம் போட்டு நிறுத்த முடியாது. நட்பு ஏவலால் வருவதில்லை. மேலும், பெண்களும் தங்களுக்குள் கூடத்தான் செய்கின்றனர். உணவு வேளையில் பெண்கள் தனியாக அமர்ந்து டப்பாவைத் திறப்பதில்லையா? கோயிலிலும் மகளிர் குழுவிலும் ஆடவர்க்கு இடம் இல்லையே என்று எவரேனும் முறையிடுகின்றனரா? கூலிக் குறைவு, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள இடமின்மை, நாகரிகமான கழிப்பறை இன்மை, இரவில் வீடு திரும்ப வண்டியின்மை என்று பெண் தொழிலாளர்க்குப் பெருங்குறைகள் எத்தனையோ இருக்க, காபிக் கடை வாயிலில் நிற்கும் நால்வரைப் பிடித்துக்கொண்டு வாதிடுவது, காட்டை விட்டுவிட்டுச் சருகைப் பொறுக்குவது ஆகாதோ?

இந்த வாதங்களைக் கேட்கும்போது உடன்படவே தோன்றுகிறது. நாமும் பல்லாண்டு உடன்பட்டு இருந்தவர்களே. உடன்பாட்டை அசைத்தது ஒரு நூலும் அன்று, ஒரு சொற்பொழிவும் அன்று. ஒரு பெண்மணி கேட்ட ஒரு கேள்வி.

முப்பது ஆண்டுகட்கு முன்னர், ஒரு தொழிற்கூடத்தில் (அதன் பெயர் இங்கு வேண்டா) இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் நாம் பணிபுரிந்தோம். அப்பிரிவில் ஒரு சகோதரி இருந்தார். மைக்ராமீட்டரைத் தொட்ட மாத்திரத்தில், உருப்படி தேறுமா தேறாதா என்று அவர் சொன்னால் அது தவறுவதில்லை. ஐயம் எழுந்தால் ஆடவராகிய நாமே உருப்படியைத் தூக்கிக்கொண்டு அவரிடம் ஓடுவோம். ஒருமுறை புதிய அளவுப் பொறி ஒன்று வருவதாகவும், அதனை இயக்கும் பயிற்சிக்கு மூவரைப் புனேவுக்கு அனுப்பப் போவதாகவும் பேச்சு வந்தது. அது வழக்கமான சனிக்கிழமைக் கூட்டம். ஓர் ஓட்டலின் பின்னறை. பிரிவின் தலைவர் கையிலிருந்த கண்ணாடிக் கோப்பையைக் கீழே வைத்து, “யாரை அனுப்பலாம் சொல்லுங்கள்” என்றார். உட்கார்ந்திருந்தவர்கள் உட்கார்ந்திருந்தவர்களின் பெயர்களையே சொன்னார்கள். நம் பெயரும் சொல்லப்பட்டது. நாம் மறுக்கவில்லை. திங்கட்கிழமை அறிவிப்புப் பலகையில் மூன்று பெயர்கள் ஒட்டப்பட்டன.

அன்று உணவு வேளையில் அச்சகோதரி நம்மிடம் வந்தார். சினம் இல்லை, கண்ணீரும் இல்லை. “என்னைப் பற்றி அங்கே யாராவது குறை சொன்னார்களா அண்ணா?” என்று கேட்டார். இல்லை என்றோம். அது உண்மை. “குறை சொல்லியிருந்தால்கூட நான் பதில் சொல்லியிருப்பேன். பேச்சிலேயே நான் வரவில்லை என்றால் யாரிடம் போய்ப் பதில் சொல்வது?” என்றார். அதற்கு நம்மிடம் விடை இல்லை. புனேவுக்குச் சென்றுவந்தோம். அப்பயிற்சியால் வந்த பதவி உயர்விலும் ஊதிய உயர்விலுந்தான் நம் மக்களின் படிப்புச் செலவு நடந்தது. ஆதலின், வெளியே நின்று பிறர்க்குத் தீர்ப்புரைப்பவராக நாம் இதனை எழுதவில்லை. அந்த மேசையில் அமர்ந்து பயன்பெற்றவராகவே எழுதுகிறோம்.

இந்நிகழ்ச்சியில் குற்றவாளி யார்? பிரிவின் தலைவர் கொடியவர் அல்லர். அச்சகோதரியின் திறமையைப் பலமுறை பாராட்டியவர். உடனிருந்த எவர்க்கும் பெண்களின்மேல் வெறுப்பு இல்லை. அவரை ஒதுக்க வேண்டும் என்று எவரும் எண்ணவே இல்லை. இழிவுபடுத்தும் எண்ணம் இருந்தால்தான் இழிவு என்று கொண்டால், அங்கு இழிவு நிகழவில்லை. ஆனால் இழப்பு நிகழ்ந்தது. எண்ணத்தை மட்டும் வைத்து அளப்பவர்க்கு இது சிறிய செய்தி. விளைவை வைத்து அளப்பவர்க்கு ஓர் உழைப்பாளியின் வாழ்நாள் ஊதியம். உள்ளே இருப்பவர் எண்ணத்தையே காண்கிறார். வெளியே நிற்பவர்க்கு விளைவு மட்டுமே கண்ணில் படுகிறது. தந்தையும் மகளும் ஒன்றையே பார்த்து இருவேறு சொல் சொன்னதன் காரணம் இதுவே எனலாம்.

இனி, ஆலை வாழ்வில் இவ்வழக்கம் எவ்வாறு வேரூன்றியது என்பதையும் காண வேண்டும். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 66-ஆம் பிரிவு, காலை 6 மணி முதல் மாலை 7 மணி வரை அன்றிப் பிற வேளையில் பெண்களைத் தொழிற்சாலையில் வேலைக்கு வைத்தல் ஆகாது என்றது. பெண்களின் நலம் கருதி எழுந்த விதி அது. அன்றைய நிலையில் அதற்குக் காரணமும் இருந்தது. ஆயினும் அதன் நிழல் நீண்டது. இரண்டாம் ஷிப்டின் பின்பகுதியும் மூன்றாம் ஷிப்டும் ஆடவர் உலகமே ஆயின. நள்ளிரவில் எந்திரம் பழுதானால் அதனைப் பிரித்துப் பார்த்தவனும், விடியற்காலைத் தேநீரை மேற்பார்வையாளரோடு பங்கிட்டுக்கொண்டவனும் ஆடவனே. அவன் திறமையை மேலோர் அறிந்தது அந்த வேளையில்தான். பகலில் வந்து பகலில் திரும்பும் பெண்ணின் திறமை கணக்கேட்டில் எண்ணாக மட்டுமே நின்றது. அப்பிரிவின் இரவு வேலைத் தடை செல்லாது எனச் சென்னை உயர்நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. எழுதிய விதியை நீதிமன்றம் நீக்க முடிந்தது. அவ்விதியின் நிழலில் வளர்ந்த பழக்கத்தை எந்த நீதிமன்றம் நீக்கும்?

எழுதிய விதிக்கும் எழுதாப் பழக்கத்திற்கும் உள்ள வேறுபாடு இதுவே. 1976-ஆம் ஆண்டுச் சமஊதியச் சட்டம் ஒத்த வேலைக்கு ஒத்த கூலி என்றது. வேலைக்கு எடுப்பதில் பெண்ணென்று வேற்றுமை காட்டலாகாது என்றும் கூறியது. பதவி உயர்விலும், பயிற்சியிலும், இடமாற்றத்திலும் அவ்வேற்றுமை ஆகாது என்று 1987-இல் அதில் திருத்தம் சேர்க்கப்பட்டது. பயிற்சி என்ற அச்சொல்லைப் பின்னாளில் படித்தபோது நமக்குச் சுருக்கென்றது. நம் புனேப் பயணத்திற்கு முன்னரே அச்சொல் சட்டத்தில் ஏறியிருந்தது. ஆனால் சட்டம் அறிவிப்புப் பலகையைத்தான் படிக்கும். ஓட்டலின் பின்னறையில் நடந்த பேச்சைப் படிக்காது.

இது நம் ஊர் ஒன்றின் செய்தி அன்று. ரோட்டரி சங்கத்தை நம்மவர் பலரும் அறிவர். 1905-இல் சிகாகோ நகரில் தொடங்கிய அச்சங்கம் நெடுங்காலம் ஆடவர்க்கே உரியதாய் இருந்தது. 1977-இல் கலிபோர்னியாவின் துவார்த்தே என்னும் சிற்றூர்க் கிளை பெண்கள் மூவரை உறுப்பினராகச் சேர்த்தது. தலைமைச் சங்கம் அக்கிளையையே நீக்கியது. வழக்கு அமெரிக்காவின் உச்சநீதிமன்றம் வரை சென்றது. யாருடன் பழகுவது என்பது எம் தனியுரிமை என்பது சங்கத்தாரின் வாதம். வீட்டுக்குள் கொள்ளும் அணுக்க உறவுக்குரிய காப்பு, புதியோர் பலர்க்குக் கதவு திறந்து தொழிலும் தொண்டும் வளர்க்கும் இத்தகைய சங்கத்திற்குப் பொருந்தாது என்று 1987-இல் நீதிமன்றம் கூறியது. 1989-இல் ரோட்டரி சங்கம் உலகெங்கும் பெண்களை ஏற்கும்படி தன் விதியை மாற்றிக்கொண்டது. அத்தீர்ப்பு நட்பைத் தடை செய்யவில்லை. நட்பின் பெயரால் தொழில் வாய்ப்பைப் பூட்டி வைத்தலையே கேள்விக்குள்ளாக்கியது.

சங்கத்திற்காவது விதிப்புத்தகம் உண்டு. புகை பிடிக்கக் கூடும் நால்வர்க்கு விதி ஏது? இதனையும் ஆராய்ந்தோர் உளர். சோயி கல்லென், ரிக்கார்டோ பெரேஸ்-ட்ருக்லியா என்னும் பொருளியல் அறிஞர் இருவர், ஆசியாவின் பெரிய வங்கி ஒன்றின் பணிப்பதிவுகளை ஆராய்ந்து, 2023-இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். ஆண் மேலாளரின்கீழ் வந்த ஆண் ஊழியர், பெண் மேலாளரின்கீழ் வந்த ஆண் ஊழியரைவிட விரைவில் உயர்ந்தனர். பெண் ஊழியர்க்கோ, மேலாளர் ஆணாயினும் பெண்ணாயினும் உயர்வில் வேறுபாடு இல்லை. விரைந்து உயர்ந்தவர் கூடுதலாக உழைத்ததற்குச் சான்றும் கிட்டவில்லை. புகைபிடிக்கும் ஊழியர், புகைபிடிக்கும் மேலாளரோடு சேர்ந்தபோதும் இத்தகைய உயர்வே கண்டனர் என்பது அவ்வாராய்ச்சியின் சுவையான பகுதி. காபிக் கடை வாயிலில் காபி மட்டும் பரிமாறப்படவில்லை என்பதற்கு இதனினும் வெளிப்படையான சான்று வேண்டுமோ?

இது நம் பண்பாடு என்று கூறி முடிப்பாரும் உளர். ஆடவர் அவையில் பெண் அமர்வது தமிழ் மரபு அன்று என்பர். அவர்க்கு ஔவையாரை நினைவூட்ட வேண்டும். அதியமானின் அவையில் அவர் அமர்ந்தார். அவனது கள் விருந்தில் அவரும் உடனிருந்தார் என்பதை, அவன் மறைந்தபின் அவர் பாடிய புறநானூற்றுப் பாடல் காட்டுகிறது. தொண்டைமானிடம் தூது சென்றவரும் அவரே. உடனமர்ந்து உரையாடியவரின் நாவன்மையை மன்னன் அறிந்திருந்தான். அறிந்திருந்தமையால் தூதாக அனுப்பினான். பேச்சில் இடம் பெற்றவர்க்கே பணியிலும் இடம் கிடைக்கும் என்பது இரண்டாயிரம் ஆண்டுகட்கு முன்னரும் உண்மையாகவே இருந்தது போலும்.

திருக்குறளை நாள்தோறும் மேற்கோள் காட்டும் நாம், அதன் அதிகார அமைப்பையும் சற்று எண்ணிப் பார்க்கலாம். பணிக்கு ஆளைத் தேர்வதைப் பற்றித் ‘தெரிந்து தெளிதல்’ என 51-ஆம் அதிகாரத்திலும், ‘தெரிந்து வினையாடல்’ என 52-ஆம் அதிகாரத்திலும் வள்ளுவர் கூறினார். நட்பைப் பற்றி 79-ஆம் அதிகாரத்தில் கூறினார். இரண்டும் பொருட்பாலில்தான் உள்ளன; இரண்டும் வாழ்வுக்கு வேண்டியவையே. ஆயினும் ஒன்றின் அளவுகோலைக் கொண்டு மற்றொன்றை அளக்கவில்லை. அன்பு ஒன்றையே காரணமாகக் கொண்டு அறியவேண்டியவற்றை அறியாதவரைத் தேர்தல் கேடு தரும் என்பதைத் தேர்வு பற்றிய அதிகாரத்திலேயே அவர் எச்சரித்தும் வைத்தார். நம் சனிக்கிழமை மேசையில் நிகழ்ந்த பிழை இதுதான். நட்பு என்னும் அதிகாரத்தில் அமர்ந்துகொண்டு, தெரிந்து வினையாடல் என்னும் அதிகாரத்தை நடத்தினோம்.

இவ்வாறு பார்க்கும்போது, தந்தை எழுப்பிய ஐயங்கட்கும் விடை கிட்டுகிறது. பெண்களும் தனியே கூடுகின்றனரே என்றார். கூடட்டும். அங்கே பதவி பங்கிடப்படுகிறதா, பயிற்சிக்குப் பெயர் எழுதப்படுகிறதா என்பதே வினா. பெண்ணொருவர் மேலாளராகி, தம் தோழியர் கூட்டத்திலேயே அனைத்தையும் முடிப்பாராயின் அதுவும் இதே குற்றம். பெருங்குறைகள் பல இருக்க இது எதற்கு என்றார். அப்பெருங்குறைகளைத் தீர்க்கும் ஆணையில் கையெழுத்திடுபவர் யார்? கழிப்பறைக்கும் குழந்தைகள் காப்பகத்திற்கும் பணம் ஒதுக்கும் நாற்காலியில் அமர்பவர், எந்தக் கூட்டத்தின் வழியாக அந்நாற்காலிக்கு வந்தார்? சருகு என்று நாம் எண்ணியது, அந்தக் காட்டின் வேராகவும் இருக்கலாம்.

அழைத்தாலும் அவர்கள் வருவதில்லையே என்பது இன்னொரு வாதம். இதில் சிறிது உண்மை உண்டு. ஆனால் ஏன் வருவதில்லை என்று கேட்டோமா? மாலை 6 மணிக்கு ஆடவன் கடை வாயிலில் நிற்கும் நேரத்தில், அவனுடைய குழந்தையைப் பள்ளியிலிருந்து அழைத்து வந்தவர் யார்? அவனுடைய வயது முதிர்ந்த தாய்க்கு மருந்து கொடுத்தவர் யார்? இரவுச் சோற்றுக்கு அரிசி களைந்தவர் யார்? ஆடவனின் ஓய்வு நேரம் தானாக விளைவதில்லை. ஒரு பெண்ணின் ஓய்வற்ற நேரத்திலிருந்து அது வெட்டி எடுக்கப்படுகிறது. உடன் பணிபுரியும் பெண்ணுக்கு அவ்வாறு வெட்டித் தர வீட்டில் எவரும் இல்லை. அன்றியும், குடிக்கும் இடத்திற்குச் சென்றால் ஊர் அவளைப் பேசும். செல்லாவிட்டால் அலுவலகம் அவளை மறக்கும். பெயரைக் காப்பதா, பதவியைப் பெறுவதா என்ற இக்கட்டில் ஒரு பெண்ணை நிறுத்திவிட்டு, “நாங்கள் அழைத்தோமே” என்று கூறுவது நேர்மை ஆகாது. ஆகவே அவளையும் மதுக்கடைக்கு அழைத்துச் செல்லுதல் இதற்கு மருந்தன்று. பங்கிட வேண்டியதை மதுக்கடையில் பங்கிடாதிருத்தலே மருந்து.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். வம்பு எதற்கு என்று பெண்களோடு பேசுவதையே நிறுத்திவிடும் ஆடவர் சிலரும் இன்று உளர். பணியிடத்தில் பெண்கள்மீது நடக்கும் பாலியல் தொல்லையைத் தடுக்க 2013-இல் சட்டம் வந்தது. பணியின் காரணமாகச் செல்லும் பிற இடங்களையும், வேலை கொடுப்பவர் தரும் வண்டியையுங்கூடப் பணியிடம் என்றே அச்சட்டம் கொள்கிறது. பணியிடம் நான்கு சுவரோடு முடிவதில்லை என்னும் உண்மையை அதிலிருந்து கற்க வேண்டுமேயன்றி, பெண்ணை நான்கு சுவருக்குள்ளும் தனிமைப்படுத்துவதற்கு அதனைச் சாக்காகக் கொள்ளுதல் தகாது. விலகி நிற்பது மரியாதை போலத் தோன்றும். ஆனால் விலக்கப்பட்டவர்க்கு அதுவும் மூடிய கதவே.

அயலூரில் வாழவந்த நம்மவர்க்கு இது விளங்காத செய்தி அன்று. முதல் தலைமுறையினர் இந்நகருக்கு வந்து வேலையில் சேர்ந்த புதிதில், கன்னடமும் ஆங்கிலமும் அறியாமல் பட்ட பாட்டை எண்ணிப் பாருங்கள். நால்வர் நின்று சிரிப்பர். நாம் அருகே சென்றால் பேச்சு நமக்குப் புரியாத மொழியில் ஓடும். எவரும் நம்மை வையவில்லை, எவரும் விரட்டவில்லை. ஆயினும் எந்தப் பிரிவில் ஆள் எடுக்கின்றனர், எந்த அதிகாரி மாற்றலாகிறார் என்ற செய்திகள் நமக்குக் கடைசியாகவே வந்து சேர்ந்தன. அப்போது அதனைச் சிறிய செய்தி என்று எவரேனும் கூறியிருந்தால் நாம் ஏற்றிருப்போமா? காலப்போக்கில் கன்னடம் கற்றோம், வட்டத்திற்குள் நுழைந்தோம். மொழி தெரியாதவன் மொழியைக் கற்றுக்கொள்ளலாம். பெண்ணாய்ப் பிறந்தவள் எதனைக் கற்று அந்த வட்டத்திற்குள் நுழைவாள்?

இவ்வளவும் கூறியபின் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மேசையில் பங்கிடப்படுபவை மூன்று. ஒன்று செய்தி, மற்றொன்று முடிவு. இவ்விரண்டையும் அலுவலக மேசைக்கே திரும்பக் கொண்டுவந்துவிடலாம். பயிற்சி உண்டென்றால் அனைவர்க்கும் முன்னரே அறிவிக்கலாம். விரும்புவோரிடம் எழுதி வாங்கலாம். தேர்ந்தமைக்குக் காரணத்தை எழுதி வைக்கலாம். மூன்றாவதாகிய பழக்கத்தை அவ்வாறு கொண்டுவர இயலாது. பலமுறை உடனிருந்து சிரித்தவனின் முகம் மேலாளரின் மனத்தில் முதலில் தோன்றத்தான் செய்யும். அதனை எந்தச் சுற்றறிக்கையும் அழிக்காது. ஆதலின், பதவியில் இருப்பவர்க்கு ஒரு தனிக் கடமை உண்டு. உடன் பணிபுரிவோர் தமக்குள் கூடுவது வேறு. பிறர் வாழ்வைத் தீர்மானிக்கும் பேனாவைப் பையில் வைத்திருப்பவர் அவர்களோடு கூடுவது வேறு. அவர் அங்கு சென்றால், திரும்பும் வழியில், “இன்று இங்கே இல்லாதவர் யார்?” என்று தம்மைத் தாமே ஒருமுறை கேட்டுக்கொள்ளட்டும். அன்று நம் மேசையில் ஒருவர் அதனைக் கேட்டிருந்தால் போதும். கேட்டிருக்க வேண்டியவர்களுள் நாமும் ஒருவர்.

அப்படியாயின் தந்தை சொன்னது சரியா, மகள் சொன்னது சரியா? நண்பர் நால்வர் காபி குடித்துப் பிரிவது சிறிய செய்தியே. அதனைக் குற்றமெனக் கூறி எவர் உள்ளத்தையும் புண்படுத்த வேண்டா. அக்காபியோடு வேறொருவரின் உரிமையும் பங்கிடப்படுமாயின் அது சிறுமை. குடிப்பவர் நல்லவராய் இருப்பதனால் அச்சிறுமை நீங்குவதில்லை.

இறுதியாக, ஆலைகளையும் அலுவலகங்களையும் பற்றி இத்துணை எழுதிய நாம், நம் தமிழ் அமைப்புகளின் பக்கமும் திரும்பிப் பார்த்தல் நேர்மை. நம் விழாக்களில் கோலமிடுவோர், பந்தி பரிமாறுவோர், குழந்தைகட்கு நடனம் பயிற்றுவோர் பெரும்பாலும் மகளிரே. செயற்குழுக் கூட்டத்திற்கும் அவர்களுள் சிலர் வருகின்றனர். ஆனால் கூட்டம் முடிந்தபின் வாயிலில் அரை மணி நேரம் நின்று பேசுகின்றோமே, அடுத்த ஆண்டுச் செயலாளர் யார் என்பது எங்கே முடிவாகிறது? உள்ளேயா, வாயிலிலா? அந்த அரை மணி நேரத்தில் மகளிர் உள்ளே பாத்திரங்களை எண்ணி எடுத்து வைத்துக்கொண்டிருக்கின்றனர்.

இம்மலரைப் படிக்கும் குடும்பங்கள், வாயிலில் முடிந்துபோன ஒரு செய்தியை இனி வரும் கூட்டத்தில் உள்ளே கொண்டுவந்து, அனைவர் முன்னும் மீண்டும் கேட்டுப் பார்க்கட்டும். பாத்திரங்களைச் சேர்ந்து எண்ணினால் அதற்கு நேரமும் கிடைக்கும். அச்சகோதரி கேட்ட கேள்விக்கு முப்பது ஆண்டுகளாக நாம் விடை சொல்லவில்லை. பொங்கலன்று அதே கேள்வியை வேறு சொற்களில் கேட்ட மகளுக்கேனும், காலம் தாழ்த்தாமல் விடை சொல்வோமாக.